அக்கா அணியும் எட்டாவது பெயரும்

அண்ணே,

நேற்று மகளோடு, அவள் குடியிருக்கும் இந்த வளைகுடா ஊரின் ஈசா டவுன் சந்தைப் பக்கம் போயிருந்தேன். விதை வறுக்கும் கடையில் அப்போதுதான் ஒரு சட்டி சூரியகாந்தி விதையை வறுத்துத் தட்டில் கொட்டினார்கள். அந்தச் சூடான உப்பு வாசனை வந்ததும் கால் நின்றுவிட்டது. "என்னப்பா, தலை சுத்துதா?" என்று மகள் கையைப் பிடித்தாள். "இல்லம்மா. கால் கிலோ வாங்கிக்கலாமா?" என்றேன். என் பல்லுக்கு அது ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிக் கொடுத்தாள். பொட்டலம் இப்போது மேசை மேல் இருக்கிறது. இதுவரை மூன்று விதைதான் உடைத்திருக்கிறேன்.

நாம் பேஸ்பால் அணி நிர்வாகத்துக்கு, அந்தக் கந்தோருக்கு, எழுதும் கடிதங்களில் செய்தது போலவே, சொல்லப்போவதை முதலில் எண் போட்டு வைத்துக்கொள்கிறேன். எண் போடாமல் எழுத இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

1. நம் அக்கா அணி ஒருவழியாகக் கடைசிச் சுற்றுக்கு ஒரு நல்ல பிட்ச்சரை வாங்கிவிட்டது என்ற செய்தி.
2. சின்னையாவை அனுப்பியது சரியான முடிவுதான் என்பது.
3. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் எட்டாவதாக வந்தது கணக்கின் முடிவு, என் முடிவு அல்ல என்பது.
4. நீங்கள் எனக்குச் செய்த ஒன்றுக்கு நன்றி.

முதல் விஷயத்தைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உங்களுக்குத் தெரியாதது எதையும் நான் எழுதப் போவதில்லை. வரிசையாக எழுதிப் பார்த்தால் எனக்குத் தெளியும், அவ்வளவுதான்.

வளைகுடாவில், அல் கோபாரில், ஒரே கம்பெனியில், நான் பிளானிங் பிரிவில் அட்டவணை போடுகிறவன். நீங்கள் குழாய்களின் வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். நான் திருச்சிக்காரன், நீங்கள் யாழ்ப்பாணத்தார். ஒரு வருடம் லீவில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, பேஸ்பால் பித்தோடு திரும்பி வந்தீர்கள். வந்த இரண்டாம் நாள் என் மேசைக்கு வந்து, நான் கோடு போட்டுக்கொண்டிருந்த நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றீர்கள்.

"ஐசே, நீர் கோடு போடுற வடிவைப் பாத்தால், உமக்கெண்டே ஒரு விளையாட்டு இருக்கு. வெள்ளிக்கிழமை விடிய என்ரை வீட்டை வாரும்."

அங்கே வியாழன் மாலை ஏழு மணி என்றால் நமக்கு வெள்ளி காலை ஐந்து. பாங்கு ஒலி அடங்கும் நேரத்தில் நான் உங்கள் வீட்டு மணியை அழுத்துவேன். நீங்கள் கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டு, விதைப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்திருப்பீர்கள். ஆட்டக்காரர்கள் ஓயாமல் விதையைக் கொறித்துத் துப்புகிறார்கள் என்பதால் நாமும் கொறித்தே ஆக வேண்டும் என்பது உங்கள் சட்டம். அண்ணி வைத்த கிண்ணத்தில்தான் தோலைத் துப்ப வேண்டும் என்பது அண்ணியின் சட்டம்.

கிரிக்கெட் மட்டுமே தெரிந்த எனக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்தது எளிமையாக இருந்தது. ஒன்பது சுற்று. பந்து எறிகிற பிட்ச்சர் களைக்கும் வரை அவரே எறிவார். ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அன்றைய ஆட்டத்துக்குள் அவர் திரும்ப வர முடியாது. "அப்ப பாஸ்போர்ட்ல ஃபைனல் எக்ஸிட் குத்தி ஒரேயடியா ஊருக்கு அனுப்புற மாதிரியாண்ணே?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அணியின் உண்மையான பெயரை நாம் சொல்லவே இல்லை. உங்கள் அக்கா ஊர் அணி என்பதால் அது அக்கா அணி. ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் அதன் நிர்வாகத்துக்கு உங்கள் ஊர் வழக்கில் கந்தோர் என்று பெயர் வைத்தீர்கள். கந்தோர் என்றால் அலுவலகம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அக்கா அணியின் நோயும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழு சுற்று வரை முன்னால் இருக்கும். கடைசி இரண்டு சுற்றில் எறிய ஆள் இல்லாமல் தோற்கும். கந்தோரோ வருடா வருடம் மட்டை அடிப்பவனையே வாங்கும்.

"திரும்பவும் அடிக்கிறவன்! கூரை ஒழுகுது, இவை திரைச்சீலை வாங்கினம்."

"இருந்தாலும் அவன் சராசரி நல்லா இருக்குண்ணே."

"சராசரியைக் கொண்டுபோய் ஒன்பதாம் சுற்றிலை எறியச் சொல்லும்."

"ரெண்டு பேரும் அந்தக் கந்தோரிலையே வேலைக்குச் சேருங்கோவன்," என்பார் அண்ணி, தேநீரை வைத்துக்கொண்டே. "வெள்ளிக்கிழமை காய்கறி வாங்கவாவது வேறை ஆளைப் பாக்கிறன்."

ஒவ்வொரு வருடமும் ஆட்டப் பருவம் முடிந்ததும் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினோம். கருத்து உங்களுடையது. ஆங்கிலமும் எண் வரிசையும் அட்டவணையும் என்னுடையவை. ஒருமுறை, ஒரு பிட்ச்சர் எத்தனை ஆட்டம் வென்றார் என்ற எண்ணிக்கை அவர் திறமையைக் காட்டாது என்று மூன்று பக்கத்துக்கு நிறுவினேன். அவர் எறிகிற நாளில் எதிரணியில் யார் எறிகிறார்கள், எவ்வளவு கடினமான ஆட்டக்காரர்களை அவர் முன்னால் அனுப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது என் வாதம். நீங்கள் அதைப் படித்துவிட்டு, "அச்சாப் பிள்ளை" என்று என் தோளில் தட்டினீர்கள். பதிலாக வந்தது விசுவாசமான ரசிகருக்கு நன்றி என்ற ஒற்றை வரியும், அடுத்த ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டில் தள்ளுபடியும். அல் கோபாரிலிருந்து போய்ப் பார்க்க. அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தீர்கள்.

முதல் செய்தி இதுதான் அண்ணே. இந்த வருடம் கந்தோர் கடைசிச் சுற்றுக்கு ஒரு பிட்ச்சரை வாங்கிவிட்டது. வலது கை, நல்ல உயரம், முகத்தில் சலனமே இல்லை. பதினொரு ஆட்டம் பார்த்துவிட்டேன், இன்னும் சொதப்பவில்லை. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

இரண்டாவது, சின்னையா. இடது கைக்காரர், முப்பத்தேழு வயது, எறிவதற்கு முன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார். உங்கள் ஊரில் ஒரு சின்னையா மாஸ்டர் அப்படித்தான் செய்வாராம், அதனால் அந்தப் பெயர். ஒரு வருடம் பருவத்தின் நடுவில் கந்தோர் அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, முதல் சுற்றுகளில் எறிய இரண்டு இளம் பிட்ச்சர்களை வாங்கிக்கொண்டது. ஆட்டக்காரனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை என்று அறிந்ததும் நீங்கள் கையிலிருந்த விதையைத் திரும்பப் பொட்டலத்திலேயே போட்டீர்கள்.

"அப்ப இஞ்சை எங்களுக்கு விசா தாற முதலாளி, கஃபீல், மாத்திறது மாதிரித்தான். பறவாயில்லை, அவனுக்கு உடனை புதுக் கஃபீல் கிடைச்சிட்டுது."

நான் கந்தோர் பக்கம் நின்றேன். "ரெண்டு வருஷமா பந்தோட வேகம் குறைஞ்சிட்டே வருதுண்ணே. மதிப்பு இருக்கும்போதே குடுத்துட்டாங்க. அது புத்திசாலித்தனம்."

"உம்மடை கணக்கிலை வேகத்துக்கு ஒரு கட்டம் இருக்கு. பதினைஞ்சு வருசம் எறிஞ்சதுக்குக் கட்டம் எங்கை?"

மூன்று வெள்ளிக்கிழமை இதே சண்டை. ஆனால் பாருங்கள், அந்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் பின்னால் ஆறு வருடம் அணியைத் தாங்கினார். சின்னையா அடுத்த வருடமே ஓய்வு பெற்றார். ஆகவே இரண்டாவது விஷயத்தில் நான் மாறவில்லை. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் மாறவில்லை.

மூன்றாவதை எழுதத்தான் விதை வாங்கினேனோ என்னவோ.

அதே வருடம் செப்டம்பரில் நம் கம்பெனியின் பெரிய வேலை ஒன்று முடிந்தது. பதினொரு இன்ஸ்பெக்டர்களை ஏழாகக் குறைக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு. நம் பிரிவுத் தலைவர், அந்த லக்னோக்காரர், ஒரு செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தார். "பாய், வியாழக்கிழமை லிஸ்ட் வேணும். ஸ்டோரி எழுதாதே. நம்பர் போடு, கலாஸ், அதோட முடிஞ்சுது." இந்தியில் சொன்னார். என்ன நம்பர் என்று நான் கேட்கவில்லை. மேலதிகாரி சொல்லி முடித்த பிறகு கேள்வி கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஒவ்வொருவரும் மாதத்துக்கு எத்தனை ரிப்போர்ட் முடித்திருக்கிறார்கள் என்று பதினெட்டு மாதத்துக்கு எண்ணினேன். சராசரியை இரண்டு தசமம் வரை போட்டு, இறங்கு வரிசையில் அடுக்கினேன். எட்டாவது வரியில் உங்கள் பெயர் வந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் எட்டாவது. ஏழாவது வரிக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு, வியாழக்கிழமை மதியம் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பொதுத் தேர்வு. வேலை போனால் இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும். பிள்ளை படிப்பு பாதியில் நிற்கும். இது எனக்குத் தெரியாததல்ல. அவளுக்கு வாரம் இரண்டு நாள் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வராமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். வராமலிருக்கக் காரணம் சொல்ல வேண்டுமே என்று பயந்து வந்தேன். அன்று எறிந்தவர் யார் என்று நினைவிருக்கிறதா? சின்னையா. புது அணியின் சட்டையில், அக்கா அணிக்கு எதிராக. எட்டுச் சுற்று எறிந்தார். பந்தில் வேகமே இல்லை. ஆனால் நம் ஆட்கள் ஒவ்வொருவராக மட்டையை வீசிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அக்கா அணி தோற்றுக்கொண்டிருந்தது, நீங்கள் எழுந்து நின்று கை தட்டினீர்கள்.

"பாரும் ஐசே, பாரும்! கந்தோர்காரர் எண்ணாமல் விட்டதை எல்லாம் இண்டைக்கு எறியிறான்!"

"ஆமாண்ணே."

"என்ன ஆமா? சண்டைக்கு வாருமன். சுகமில்லையே உமக்கு?"

"கொஞ்சம் ஜலதோஷம்."

அண்ணி எனக்கு மல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அதைக் குடித்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் மகள் புத்தகத்தோடு வந்து, "அங்கிள், இந்தக் கணக்கு மட்டும்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அதையும் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த புதன்கிழமை நால்வருக்கும் கடிதம் கொடுத்தார்கள். அன்று மாலையே நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னீர்கள்: "மேலை ஒரு அப்பீல் எழுத வேணும். கந்தோருக்கு எழுதிப் பழகின ஆள் நீர்தானே."

மேசையில் உட்கார்ந்து, பழக்கத்தில் ஒன்று என்று எண் போட்டேன். பேனா அதற்கு மேல் நகரவில்லை. நீங்கள் எதிரில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, வழக்கமான குரலில் பேசினீர்கள்.

"பட்டியல் ஆர் போட்டது எண்டு எனக்குத் தெரியும் ஐசே. பெர்சனல் பிரிவிலை காட்டினவை. ரெண்டு தசமம் வரைக்கும் உம்மை விட்டால் ஆர் போடுவினம்? அந்த இரட்டைக் கோடும் உம்மடைதான்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அதைப் பேந்து கதைப்பம். இப்ப பிள்ளையின்ரை சோதினை. எழுதும்."

நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உயர் அழுத்தக் குழாய்களின் இணைப்புகள், மூன்று ஆள் உயரத்தில் சாரத்தில் தொங்கி நின்று பார்க்க வேண்டியவை, மற்றவர்கள் தட்டிக் கழித்தவை எல்லாம் உங்களுக்கே ஒதுக்கப்பட்டன. ஒரு நாளில் முடிகிற ரிப்போர்ட் அல்ல அவை. சரியில்லாததைத் திருப்பி அனுப்பி, திரும்பச் செய்யவைத்து, மறுபடி பார்த்திருக்கிறீர்கள். திருப்பி அனுப்பிய ஒவ்வொரு முறையும் உங்கள் எண்ணிக்கை ஒன்று குறைந்திருக்கிறது. "எத்தினை எண்டு கேட்டால் நான் எட்டாவது ஆள்தான்," என்றீர்கள். "எந்த ஜொயின்ற் எண்டு கேக்கச் சொல்லி எழுதும்."

கூடவே நானாக ஒரு அட்டவணையை இணைத்தேன். இன்ஸ்பெக்டர் சரி என்று கையெழுத்திட்ட இணைப்புகளில் பின்னால் எக்ஸ்ரே சோதனையில் தவறியவை எத்தனை என்ற கணக்கு. உங்கள் பெயருக்கு நேரே பூஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரிவுத் தலைவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வாழ்க்கையில் மேலதிகாரியின் அறைக்குள் கூப்பிடாமல் நுழைந்தது அந்த ஒரு முறைதான். அவர் படித்தார். அட்டவணையில் விரலை வைத்தார். "பாய், இது லிஸ்ட்ல ஏன் இல்லை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு அவரே, பட்டியல் மேலே போய் ஒப்புதலும் ஆகிவிட்டது, பெயரை எடுக்க இனி வழியில்லை என்றார். ஆனால் அன்றே இரண்டு பேருக்குப் போன் பேசி, உங்கள் கடைசித் தேதியை ஏப்ரலுக்குத் தள்ளி வாங்கிக் கொடுத்தார்.

பிள்ளை தேர்வு எழுதினாள். கணக்கில் தொண்ணூற்றாறு. ஏப்ரலில் நீங்கள் கொழும்புக்கு, வெள்ளவத்தைக்குப் போனீர்கள்.

நான்காவது, நன்றி. அந்த ஆறு மாதமும், ஆட்டம் இல்லாத நாட்களிலும், ஒரு வெள்ளிக்கிழமைகூட நீங்கள் கதவை எனக்குச் சாத்தவில்லை. பட்டியலைப் பற்றிப் பிறகு கதைப்போம் என்றீர்களே, அந்தப் பிறகு வரவே இல்லை. ஒரே ஒருமுறை, அக்கா அணி வேறு யாரையோ விற்றபோது, "கந்தோர்காரனும் மனிசன்தானே ஐசே, அவனுக்கும் மேலை ஒரு கந்தோர் இருக்கும்" என்றீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஊருக்குப் போன பிறகும் வெள்ளி காலை அல் கோபாரில் ஐந்து, உங்களுக்கு ஏழரை, போன் வரும். "என்ன ஐசே, ஏழாம் சுற்று. ஆரை இறக்கிறது?" நான் ஓய்வு பெற்று இங்கே மகள் வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் எண்ணிலிருந்து அண்ணி பேசினார். "தம்பி, அவர் நேத்துப் பின்னேரம் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். பிறகு அண்ணியே என்னைத் தேற்றினார்.

எழுதியதை இப்போது முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். அனுப்பும் முன் சரிபார்ப்பது வழக்கம்.

அந்த எக்ஸ்ரே கணக்கு அப்பீலுக்காக நான் புதிதாகத் தேடி எடுத்ததல்ல அண்ணே. செவ்வாய்க்கிழமை பட்டியல் போடத் தொடங்கியபோதே என் மேசையில் இருந்தது. பதினொரு பேரில் இரண்டு பேருக்கு அந்தக் கணக்கு முழுமையாக இல்லை. இடையில் சேர்ந்தவர்கள், பழைய பதிவு கிடைக்கவில்லை. இரண்டு கட்டம் காலியாக இருக்கும் அட்டவணையை மேலே அனுப்ப எனக்குக் கை வரவில்லை. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். ஆகவே அந்தக் கணக்கையே விட்டுவிட்டு, கட்டம் எல்லாம் நிறையும்படியான ஒன்றை எண்ணினேன். ஒரு பிட்ச்சருக்காக மூன்று பக்கம் எழுதி, எண்ணிக்கை ஆளைக் காட்டாது என்று நிறுவியவன் நான்தான். உங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அது தெரிந்திருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை என் மேசையில் பயந்துவிட்டேன்.

இப்போது யார் எந்தக் கணக்கைக் காட்டினாலும் எந்த இணைப்பு என்றுதான் முதலில் கேட்கிறேன். பேத்தியின் மதிப்பெண் அட்டை வந்தாலும் அப்படித்தான். வீட்டில் சிரிக்கிறார்கள். உங்கள் குரலில்தான் கேட்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு. கணக்கு எதையும் முடிவு செய்யவில்லை. எதை எண்ணுவது என்று முடிவு செய்தவன் நான். உங்கள் பெயரை எட்டாவது வரியில் எழுதியது நான்தான் அண்ணே.